பதினான்கு புள்ளிகள்

ஆறுச்சாமி வாத்தியாரைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்காரர்களைக் கேட்டால் நேரம் தவறாதவர் என்பார்கள். என்னைக் கேட்டால் நான் அவருடைய காற்புள்ளியைத்தான் சொல்வேன். அந்த மனிதரால் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி அந்தக் காற்புள்ளியால் பட்டது.

நான் யாகூப். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஒரு சின்ன அச்சாபீஸ் வைத்திருக்கிறேன். காலால் மிதிக்கிற மெஷின் ஒன்று, எழுத்துப் பெட்டிகள் நான்கு, வாய் ஓயாத மனைவி மெஹராஜ், அவளுக்குக் கொஞ்சமும் சளைக்காத ஆறு பிள்ளைகள். முன்கட்டில் அச்சு, பின்கட்டில் குடித்தனம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதாசி, மில் நோட்டீஸ் இவைதான் பிழைப்பு. புத்தகம் போடுகிற அளவுக்குப் பெரிய ஆள் இல்லை நான். 1937-ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு நாள் காலையில், மூடிய கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, இங்க ரசாயனம் அச்சுப் போடுவீங்களா?"

"சாயம் போடறதுன்னா அடுத்த வீதிங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கக்கத்திலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். முத்து முத்தான எழுத்து. ஓர் உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியாராம். பிள்ளைகள் இங்கிலீஷில் நெட்டுருப் போட்டு ஒப்பிக்கிறார்களாம், ஒன்றும் புரிந்துகொள்வதில்லையாம். அதனால் அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று தமிழிலேயே நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். பெரிய அச்சாபீஸ்காரர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். என்னிடம் அன்றைக்கு வேறு வேலை இல்லை. ஐந்நூறு பிரதி என்று பேசி, ஒப்புக்கொண்டு தொலைத்தேன்.

அப்புறம்தான் அந்தக் காற்புள்ளிக் கூத்து. புரூப் பார்க்க மாலை ஐந்து மணிக்கு வருவார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் வாசிப்பார். கடைசியில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு காற்புள்ளி போட்டுடுங்க பாய்" என்பார். போடுவேன். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வருவார். அதே இடத்தில் விரலை வைத்து, "இது வேண்டாங்க, எடுத்துடலாம்" என்பார். எடுப்பேன். அதற்கு மறுநாள் திரும்பவும் போடச் சொல்வார். முதல் பதினாறு பக்கத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. எனக்கு வந்த கோபத்தில் எழுத்துப் பெட்டியையே தூக்கி அவர்மேல் கொட்டலாமா என்றிருந்தது.

மெஹராஜ்தான் சொன்னாள். "உங்களுக்குக் கண்ணு இருக்குதா இல்லியா? அந்த மனுசன் காற்புள்ளிக்கா வாராரு? ஆள் மொகம் பாக்க வாராரு."

விசாரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ராஜவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். பெண்சாதி ராசாத்தாள் இறந்து நாலு வருஷம். குழந்தை குட்டி கிடையாது. மத்தியானம் ஓட்டல் சாப்பாடு, ராத்திரிக்கு இரண்டு வாழைப்பழம். ஒரு முறை புரூப் தாளைக் கொடுக்க நானே அங்கே போயிருந்தேன். அறையில் ஒரு பாய், ஒரு அலமாரி, ஜன்னல் திட்டில் இரண்டு பித்தளை டம்ளர். இரண்டையும் கழுவிக் கவிழ்த்திருந்தார். ஒறம்பரை, விருந்தாளி யாரும் வந்தார்களா என்று கேட்டேன். "இல்லீங்க. ரெண்டையும் கழுவிப் பழக்கமாயிப் போச்சு" என்றார். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. சடசடப்பான என் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

மெதுவாக எங்களிடம் ஒட்டினார். முதல் மாதம் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. கவுண்டர் வீட்டு ஆசாரம். பங்குனி வெயிலில் அந்த ஆசாரம் கொஞ்சம் இளகியது. மெஹராஜ் காய்ச்சுகிற தேத்தண்ணியை, "சக்கரை சித்த எச்சாப் போடச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக் குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஒரு நாள் குடித்துக்கொண்டே சொன்னார்.

"பாய், இந்த ஊர்ல ஒரு கொறை உண்டுங்க. எல்லாரும் 'வாங்க, போங்க'தான். ஹெட்மாஸ்டரும் 'வாங்க.' ஓட்டல்காரரும் 'வாங்க.' நீங்களும் 'வாங்க.' என்னை 'டா' போட்டுக் கூப்பிட ஆளே இல்லீங்க."

"நம்மூர்ல நாயைக்கூட 'அக்கட்டால போங்க'ன்னுதானே சொல்றோம்" என்றேன்.

"எங்கண்ணன் மட்டும் 'டேய் ஆறு'ம்பாரு. என்ற கல்யாண மேடையிலயே, அத்தனை சனத்துக்கு முன்னால, 'டேய் ஆறு, துண்டை ஒழுங்காப் போடுறா'ன்னாரு. அப்ப எனக்கு மானம் போச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். "இப்ப அந்தச் சத்தம் காதுல கேக்காதான்னு இருக்குதுங்க."

அண்ணன் பெயர் சுப்பண்ணன். சிங்காநல்லூருக்கு அந்தப் பக்கம், சூலூர் போகிற வழியில் தோட்டம். அப்பன் காலமானதும் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். மாடு கட்டி இறைக்கிற கிணறு ஒன்றுதான். திங்கள், புதன், வெள்ளி அண்ணன் முறை. செவ்வாய், வியாழன், சனி தம்பி முறை. ஞாயிறு மாட்டுக்கு ஓய்வு. தம்பி டவுனுக்கு உத்தியோகத்துக்கு வந்துவிட்டதால் அவர் பூமி மானாவாரியாகக் கிடந்தது. ஆனால் முறை மட்டும் பத்திரத்தில் அப்படியே இருந்தது.

ராசாத்தாள் இறந்து பதினாறாம் நாள் காரியம் நடந்தது. வந்த சனம் கலைந்து, இலை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சுப்பண்ணன் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "டேய், மழை இல்லை. உன்ற மொறையிலயும் நானே எறைச்சுக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய விஷயம்தான். கேட்ட நேரம்தான் கோணல். வெள்ளந்தி மனிதர்களுக்கு வேளை பார்க்கத் தெரியாது. பெண்சாதியைப் பறிகொடுத்தவருக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "பங்குன்னா பங்குதான். கெணத்துல பாதி என்னுது. என்ற மொறையில ஒரு சால் தண்ணி எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். நாலு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"ஒரு நாள் போய்ட்டு வாங்களேன்" என்றேன்.

"என்ன மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? நான் வந்த அடுத்த நாளே அவரு எறைச்சுத்தான் இருப்பாரு. ஆரு பாக்கறாங்க? அதைப் போய் நான் கண்ணால வேற பாக்கோணுமா?" என்றார். போக வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. போகவும் முடியாமல், விடவும் முடியாமல் மனிதர் கிடந்து அவதிப்பட்டார்.

சித்திரை பிறந்தது. பள்ளிக்கூடம் கோடை லீவு விட்டார்கள். லீவு விட்டால் மற்றவர்களுக்குச் சந்தோஷம். இவருக்குக் கிரகசாரம். காலையிலேயே அச்சாபீசுக்கு வர ஆரம்பித்துவிட்டார். நானோ அப்போது மூன்றாவது பாரத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். அதில்தான் வினை இருந்தது.

முதலில் உப்பு வந்தது. அது எனக்குப் புரிந்தது. அணு என்றால் நடுவில் ஒரு கரு. அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள். கடைசிச் சுற்றில் எட்டு இருந்துவிட்டால் அந்த மாதிரி அணுவுக்கு யார் தயவும் வேண்டாம். சோடியத்துக்கு அந்தச் சுற்றில் ஒன்றே ஒன்று. குளோரினுக்கு ஏழு. சோடியம் தன்னிடம் இருக்கிற அந்த ஒன்றைக் குளோரினுக்குக் கொடுத்துவிடும். கொடுத்ததும் வாங்கியதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதுதான் சோற்றுக்குப் போடுகிற உப்பு. தண்ணீரில் போட்டால் இரண்டும் பிரிந்து அதது தன் பாட்டுக்குப் போய்விடும். கொடுக்கல் வாங்கல் சிநேகிதம் என்றால் அப்படித்தானே இருக்கும்!

அடுத்த பக்கம் இரண்டு குளோரின் அணு சேர்வது. இரண்டிடமும் ஏழு ஏழு. கொடுக்க ஆள் இல்லை. தலைப்பில் "பங்குப் பிணைப்பு" என்று எழுதியிருந்தார். கீழே இரண்டு அணுவுக்கும் அடையாள எழுத்துப் போட்டு, சுற்றிலும் எலெக்ட்ரானுக்காகப் புள்ளி வைத்திருந்தார். அச்சில் நான் முற்றுப்புள்ளியை எடுத்துத்தான் வைக்க வேண்டும். ஏற்கெனவே என் பெட்டியில் இருந்த முற்றுப்புள்ளியெல்லாம் இவருடைய அணுக்களுக்கே தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையை முற்றுப்புள்ளி இல்லாமலே அடித்துக் கொடுத்தேன். நல்லவேளை, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அதையே நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கோத்து முடித்ததும் வாக்கியத்தைப் படித்தேன். "இப்போது ஒவ்வோர் அணுவுக்கும் எட்டு எலெக்ட்ரான்கள்" என்றிருந்தது. படத்தை எண்ணினேன். மொத்தமே பதினான்கு புள்ளி. எட்டும் எட்டும் பதினாறு என்று என் கடைசிப் பிள்ளைக்கே தெரியும். இரண்டு எழுத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஜோடிப் புள்ளிதான் வைத்திருந்தார். தலைப்பிலோ பங்கு என்று எழுதியிருக்கிறார். பங்கு என்றால் ஆளுக்கு ஒன்று தனித்தனியாக இருக்க வேண்டாமா? மனிதர் காற்புள்ளி ஞாபகத்தில் இரண்டு புள்ளியைக் கோட்டைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். நடுவில் இன்னொரு ஜோடியைச் சேர்த்தேன். கணக்குச் சரியாகிவிட்டது.

அன்றைக்கு அவரிடம் புரூப் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. காட்டினால் திரும்பக் காற்புள்ளி வரும், அதைத் திரும்ப எடுக்க வேண்டும், ரம்ஜான் வந்தாலும் புத்தகம் முடியாது. அவருக்குக் காலில் சேற்றுப்புண் வந்து இரண்டு நாள் வராமலிருந்ததும் எனக்குத் தோதாகப் போயிற்று. ஐந்நூறு தாளையும் மிதித்துத் தள்ளிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். இதை அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டே வந்தார். காய்ந்துகொண்டிருந்த தாளில் ஒன்றை எடுத்தார்.

"பாய், இது என்னங்க?"

"நீங்க ரெண்டு புள்ளி உட்டுட்டீங்க. நான் போட்டேனுங்க."

"ஆரு உங்களைப் போடச் சொன்னது? பதினாலுதானுங்க! பதினாறு இல்லை!"

"எட்டும் எட்டும் பதினாலா? எந்தப் பள்ளிக்கூடத்துலங்க அப்படிச் சொல்லித்தாராங்க?"

"நடுவுல இருக்கிற ஜோடி ரெண்டு பேருக்கும் சேர்ந்ததுங்க. இந்தப் பக்கம் எண்ணறப்ப இதோட சேத்தி எட்டு. அந்தப் பக்கம் எண்ணறப்ப அதோட சேத்தி எட்டு."

"ஒரே பணியாரத்தை ரெண்டு பேரு தின்னதாக் கணக்கு எழுதறீங்களே!" எனக்கும் சூடேறிவிட்டது. "தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறங்க. நீங்கதானே பங்குன்னு எழுதியிருக்கறீங்க? நம்மூர்ல பங்குன்னா என்னங்க? வெட்டிப் பிரிச்சு ஆளுக்குப் பாதி. பங்கு பிரிச்சவன் எவனாச்சும் சேர்ந்து இருந்து நீங்க பாத்திருக்கறீங்களா?"

பின்கட்டில் பிள்ளைகளின் சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் சண்டையைக் கேட்க மெஹராஜ் கதவருகில் வந்து நின்றாள். வாத்தியார் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"செரி, உங்குளுக்குப் புரியற மாதிரியே கேக்கறேன். எங்க தோட்டத்துல ஒரு கெணறு. பாகம் பிரிக்கறப்பக் காட்டைப் பிரிச்சாங்க. ஊட்டைப் பிரிச்சாங்க. மாட்டைப் பிரிச்சாங்க. கெணத்தெ என்ன பண்ணுவாங்க? நடுவுல செவுரு வெப்பாங்களா?"

"அதெப்படிங்க முடியும்?"

"பத்திரத்துல 'கிணறு பொது'ன்னு எழுதிப்போட்டாங்க. இப்பச் சொல்லுங்க, எங்கண்ணன் பூமி கெணத்துப் பூமியா இல்லியா?"

"கெணத்துப் பூமிதானுங்க."

"என்ற பூமி?"

"அதும் கெணத்துப் பூமிதான்."

"மொத்தம் எத்தனை கெணறு?"

"ஒண்ணுங்க."

"ஆருக்குக் கொறஞ்சுது?"

அவர் விடவில்லை. தாளில் அந்த நடு ஜோடியைக் குத்திக் குத்திக் காட்டினார். "ரெண்டு கருவும் இந்த ஜோடியத் தன் பக்கம் இழுக்குது. அந்த இழுப்புத்தானுங்க ரெண்டையும் பிரியாம வெச்சிருக்குது. உப்பு மாதிரி தண்ணியில போட்டாப் பிரியறதில்லை இது. உங்க ஊட்டுத் தேத்தண்ணியில சக்கரை கரையுதே, அதுக்குள்ள இருக்கிற கட்டு இந்தக் கட்டுதான். கரைஞ்சாலும் கட்டு அறாது. எங்கண்ணன் கணக்குலயும் முழுக் கெணறு. என்ற கணக்குலயும் முழுக் கெணறு. பாதிங்கற பேச்சே அங்க..."

அதோடு நின்றுவிட்டார்.

வாய் திறந்தபடியே இருந்தது. கண் என்மேல் இருந்தாலும் அவர் என்னைப் பார்க்கவில்லை. 'கெணத்துல பாதி என்னுது' என்று நாலு வருஷத்துக்கு முன் சொன்ன அதே வாய். எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெஹராஜுக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாத்தியார் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். தலைப்பாகையை மேஜையிலேயே விட்டுவிட்டு வெயிலில் நடந்து போனார்.

எட்டு நாள் வரவில்லை. மாலை ஐந்து மணி அடித்தால் நான் வாசலைப் பார்ப்பேன். தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் மனசு கேட்கவில்லை. தெரியாமல் குத்தினாலும் குத்து குத்துதானே. பங்கு பிரித்தவன் சேர்ந்து இருந்து பார்த்திருக்கிறீர்களா என்று யாரிடம் போய்க் கேட்டிருக்கிறேன்! யா அல்லா, இந்த வாய்க்கு ஒரு பூட்டு இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் கலைத்து, பதினான்கு புள்ளியாகத் திரும்பக் கோத்து வைத்தேன்.

ஒன்பதாம் நாள் வந்தார். முகம் ஒடுங்கியிருந்தது. புள்ளியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தலைப்பில் விரலை வைத்தார். நான் காற்புள்ளி என்றுதான் நினைத்தேன்.

"இந்த வார்த்தைய மாத்திப்போடுங்க பாய். பங்குன்னு எழுதுனது என்ற தப்பு. நீங்க புள்ளி சேர்த்ததுல தப்பே இல்லை. 'பொதுப் பிணைப்பு'ன்னு வெச்சுருங்க."

மாற்றினேன். மூன்றெழுத்துப் போய் இரண்டெழுத்து வந்தது; அடித்த ஐந்நூறு தாளையும் கழித்துவிட்டு என் காகிதத்தில் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. அவர் போகாமல் நின்றார்.

"சனிக்கெழமை உங்குளுக்கு வேலை இருக்குதுங்களா? எங்க தோட்டம் வரைக்கும் வாரீங்களா? தனியாப் போனா நான் பாதி வழியில திரும்பிருவேன்."

அண்ணன் தம்பி விவகாரத்தில் எனக்கு என்ன வேலை? எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "போய்ட்டு வாங்க" என்று பின்கட்டிலிருந்து மெஹராஜின் குரல் வந்தது. எலிப்புழுக்கை கிளம்பிவிட்டது.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். சிங்காநல்லூர் குளம் வற்றி வெடித்துக் கிடந்தது. திருச்சி ரோட்டில் இறங்கி ஒரு மைல் நடந்தோம். வழியெல்லாம் உதட்டுக்குள் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். வேலிப் படலைத் திறந்தபோது அண்ணனுக்கு நேரே சொல்ல வேண்டியதெல்லாம் மறந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

சுப்பண்ணன் வேப்பமர நிழலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கட்டையான, கறுத்த மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வாங்க வாத்தியாரே" என்றார். "ஒறம்பரையும் வந்திருக்காங்களாட்ட இருக்குது. வாங்க, உக்காருங்க."

எனக்கே சுருக்கென்றது. எங்கள் ஊரில் மரியாதை ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கூடப்பிறந்த தம்பியை ஓர் அண்ணன் 'வாங்க' என்றால், அதைவிடப் பெரிய வசவு கிடையாது. வாத்தியார் உட்காரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். கிணற்றுமேட்டில் தண்ணீர் இறைக்கிற சாலும் அதன் வடக்கயிறும் சும்மா கிடந்தன. கட்டுத்தரையில் இரண்டு மாடும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ராகிப் பயிர் தலை தொங்கி, தோகை சுருண்டு நின்றது.

"ஏனுங்ணா, பயிர் இப்படி வாடுது, மாடு கட்டியே கெடக்குது?"

"இன்னைக்குச் சனிக்கெழமைங்க" என்றார் சுப்பண்ணன். "உங்க மொறைங்க."

வாத்தியாருக்குப் புரியவில்லை. மோர்ச் சொம்போடு வந்த அண்ணி செல்லாத்தாள் பொரிந்து தள்ளிவிட்டார். "நாலு வருசமா இதே கூத்துதானுங்க கொழுந்தனாரே! செவ்வாய், வியாழன், சனி ஒரு சால் எடுக்க உடமாட்டேங்கறாரு. போன வருசம் பருத்தி பூவோட கருகிப் போச்சு. 'தம்பி சொல்லிப்போட்டான், அவன் மொறைத் தண்ணி கெணத்துலயே கெடக்கட்டும்'ங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க, இவரு அதைக் கல்லுல எழுதி வெச்சுட்டாரு!"

"சும்மா இரு புள்ளெ" என்றார் சுப்பண்ணன். "சொல்லு சொல்லுதான்."

யாரும் பார்க்காத கிணறு. இறைத்திருந்தால் கேட்க நாதியில்லை. வாத்தியார் அப்படியே நின்றார். கோட்டுப் பையில் அந்தத் தாள் இருந்தது, எடுக்கவில்லை. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தலைப்பாகையையும் கொடுத்தார். கிணற்றின் ஓரத்தில் குடிதண்ணீர் சேந்துகிற கப்பி இருந்தது. போய்க் கயிற்றைப் பிடித்தார். ஒரு குடம் சேந்தினார். தூக்கிக்கொண்டு போய் அண்ணன் பயிருக்குப் போகிற வாய்க்காலில் ஊற்றினார். காய்ந்த மண் அதை ஒரே வாயில் குடித்துவிட்டது. அடுத்த குடத்துக்குப் போனார்.

"அது என்ற வாய்க்காலுங்க" என்றார் சுப்பண்ணன். "உங்குளுது அக்கட்டால இருக்குது."

"என்ற மொறைதானுங்ணா? என்ற மொறைத் தண்ணிய நான் எங்க வேணும்னாலும் உடுவேன்."

பத்துக் குடம் ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கரும்பலகையில் சாக்கட்டி பிடித்த கை. உள்ளங்கை உரிந்து கயிற்றில் சிவப்பாக ஒட்டியது. மண் ஒரு முழம்கூட நனையவில்லை. சுப்பண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கட்டுத்தரைப் பக்கம் திரும்பி நடந்தார். போச்சு, காரியம் கெட்டது, மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். வாத்தியாரும் குடத்தை வைத்துவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு ஒண்டியாக ஒரு மனிதன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாட்டு மணிச் சத்தம் கேட்டது. சுப்பண்ணன் இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தார். "பாத்துட்டு நிக்க முடியலீங்க. நவுருங்க வாத்தியாரே" என்றார். அப்போதும் 'வாங்க, போங்க'தான். நுகத்தில் வடத்தை மாட்டினார். சால் கிணற்றுக்குள் போய் விழுந்தது. மாடு சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டுச் சால் மேலே வரும். ஒத்தாசை செய்கிறேன் என்று வாத்தியார் தரையில் வளையமாகக் கிடந்த வடத்துக்கு நடுவே போய் நின்றார். அந்த வேலை மறந்து எத்தனையோ வருஷம். மாடு நகர்ந்தது.

"டேய் ஆறு! வடத்துக்குள்ள காலுடா! எடுறா, எடுறா மடையா!"

வாத்தியார் துள்ளி விலகினார். வடம் விறைத்து அவர் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. சால் மேலே வந்து தண்ணீர் தொட்டியில் கொட்டியது. மாடுகள் சரிவின் அடியில் போய் நின்றன. சுப்பண்ணன் வெளிறிப் போயிருந்தார். "காலுல பட்டு..." என்று ஆரம்பித்தார். 'ங்களா' என்று முடிக்கப் பார்த்தார். அது வரவில்லை.

"பட்டுதாடா?" என்றார்.

"இல்லீங்ணா" என்று சொல்லிவிட்டு வாத்தியார் குழந்தை மாதிரி அழுதார். பெண்சாதி செத்ததற்கும் சேர்த்து அழுதார் என்றுதான் எனக்குப் பட்டது. செல்லாத்தாள் சொம்பை வைத்துவிட்டு வாய்க்காலைத் திருப்பப் போனார். எனக்கு அங்கே வேலை இல்லை. கோட்டையும் தலைப்பாகையையும் வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு வந்த வழியே நடந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

வாத்தியாரின் வாழ்க்கை தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகும் அதே ஒற்றை அறைதான், அதே ஓட்டல் சாப்பாடுதான். டம்ளர் இரண்டையும் கழுவிக் கவிழ்ப்பதும் நிற்கவில்லை. போனவள் போனவள்தானே. ஆனால் சனிக்கிழமை தோறும் தோட்டத்துக்குப் போய்விடுவார். புத்தகமும் முடிந்தது. முடிந்த பிறகு காற்புள்ளிக்கு இடமில்லை. மாலை ஐந்து மணிக்கு நான் வாசலைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. இதை மெஹராஜிடம் சொன்னதில்லை, அவளுக்குத் தெரியும்.

ஆடி மாதம் மழைக்கு முன் ஒரு நாள் அண்ணனும் தம்பியும் சேர்ந்து அச்சாபீசுக்கு வந்தார்கள். சுப்பண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வாத்தியார் அதைத் திருப்பி, அந்தப் பக்கத்தை எடுத்து, நடு ஜோடியில் விரல் வைத்தார்.

"இதுதானுங்ணா நம்ம கெணறு."

"சுத்தியும் இருக்கறதெல்லாம்?"

"அவங்கவங்க சொந்தப் பூமி. ஆளுக்கு எட்டு இருக்கோணும். எண்ணிப் பாருங்க."

நான் எட்டிப் பார்த்தேன். சுப்பண்ணன் இடது கையால் வலப்பக்கத்து அணுவை மூடினார். நடு ஜோடியை மூடவில்லை. ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணினார். பிறகு கையை மாற்றி இடப்பக்கத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கமும் எண்ணினார். நடு ஜோடியை இரண்டு தடவை எண்ணியது அவருக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. பதினெட்டு வருஷமாக எழுத்துக் கோக்கிறவன் நான். அன்றைக்கு அதே படத்தைக் கோத்தபோது எனக்கு இரண்டு புள்ளி குறைந்தது.

"எட்டு. இங்கயும் எட்டு" என்றார். "ஒண்ணும் கொறயலியேடா."